எண்ணெயா, நீரா: வேவ்லெட்டின் சாட்சியம் செல்லுமா?

1927 செப்டம்பரில் பிரான்சின் பெஷெல்புரோன் எண்ணெய் வயலில் ஷ்லும்பர்கர் சகோதரர்களின் குழு முதல் மின்பதிவை எடுத்தது. அன்று முதல் கிணற்றுப் பதிவுகளிடம் நாம் கேட்டுவரும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பாறைத் துளைகளில் இருப்பது எண்ணெயா, எரிவாயுவா, உப்புநீரா? இதற்கு விடை சொல்ல அண்மைக்காலமாக வேவ்லெட் பகுப்பாய்வை, அதாவது ஒரு பதிவைச் சிறு அலைத்துண்டுகளோடு ஒப்பிட்டுப் பல அளவுகோல்களில் பிரித்துப் பார்க்கும் கணித முறையை, அழைக்கிறார்கள். அது இந்தத் தொழிலுக்கு அந்நியமல்ல. எல்ஃப் அக்கித்தேன் நிறுவனத்தில் இருந்த ழான் மோர்லே, நிலஅதிர்வுப் பதிவுகளைப் படிக்க வடித்த கருவி அது. 1984இல் இயற்பியலாளர் அலெக்ஸ் கிராஸ்மனுடன் சேர்ந்து அதற்குக் கணித அடித்தளமும் இட்டார்.

இன்றைய ஆய்வுகளின் வழிமுறை பெரும்பாலும் ஒன்றே. மின்தடை எண் வளைகோட்டைப் பல அளவுகோல்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் உள்ள ‘ஆற்றலை’க் கணக்கிடுவது, அதை வைத்து எண்ணெய் அடுக்கையும் நீர் அடுக்கையும் பிரிப்பது.

இந்த வழிமுறையின் அடித்தளத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வேவ்லெட்டின் சராசரி சுழியமாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம். ஆகவே மாறாத அளவு அதன் கண்ணில் படாது. ஆனால் மின்தடை எண்ணிலிருந்து துளைநீரின் பங்கைக் கணக்கிட 1942இல் ஆர்ச்சி தந்த சமன்பாட்டில் பாய்மத்தைக் காட்டிக்கொடுப்பதே அந்த அளவுதான். துளைமை 20 சதவீதம், பாறைநீரின் மின்தடை எண் 0.08 ஓம்-மீட்டர் என்று கொள்வோம். அடுக்கின் மின்தடை எண் 2 ஓம்-மீட்டர் என்றால் துளை முழுவதும் நீர். 20 என்றால் நீர் 32 சதவீதம்தான், மிச்சம் எண்ணெயோ வாயுவோ. இரண்டும் பத்து மீட்டர் தடிமனுள்ள சீரான மணற்பாறைகள் என்றால், அவற்றின் நடுப்பகுதியில் சிறு அளவுகோல் வேவ்லெட் குணகங்கள் இரண்டிலும் சுழியமே. வேறுபாடு முழுவதும் வடிகட்டி ஒதுக்கிய மிச்சத்தில் கிடக்கிறது. அது மூல வளைகோட்டிலேயே கண்ணுக்குத் தெரிந்தது.

அப்படியானால் எண்ணெய் அடுக்கில் ‘ஆற்றல்’ கூடுதலாக வருகிறதே, எப்படி? இரண்டு அடுக்குகளிலும் பத்து சதவீத ஏற்ற இறக்கம் இருக்கட்டும். நீரில் அது 0.2, எண்ணெயில் 2. வீச்சு பத்து மடங்கு. ஆற்றலோ நூறு மடங்கு. வேவ்லெட் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. பழைய மின்தடை எண்ணே வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. மடக்கை எடுத்துவிட்டுப் பகுத்தால் இந்த நூறு மடங்கு கரைந்துவிடும். பதிவுத் தாளில் மின்தடை எண்ணை மடக்கை அளவில் வரைவது நெடுநாள் வழக்கம்தானே. மடக்கை எடுத்துப் பார்க்கும் இந்தச் சோதனையைச் செய்து காட்டாத எந்த ஆய்வையும் நான் ஏற்க மாட்டேன்.

எதிர்த்தரப்புக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. நீர் அடுக்கில் மின்தடை எண்ணை முக்கியமாகத் துளைமையே ஆட்டுகிறது. எண்ணெய் அடுக்கிலோ மணலின் பருமனுக்கேற்பத் தங்கும் நீரின் அளவும் மாறும். ஆகவே மடக்கை எடுத்த பின்னும் அங்கே அலைவு சற்றுக் கூடுதலாக இருக்கலாம். இது உண்மையான இயற்பியல். ஆனால் மெல்லிய களிப்படலங்களும் இதே அலைவைத் தருமே! காமா கதிர் வளைகோட்டையும் அடர்த்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இரண்டையும் பிரிக்க வழியில்லை.

மெல்லடுக்குகளில்தான் இந்த முறை மீது ஆசை அதிகம், ஏமாற்றமும் அங்கேதான். மணலும் களியும் சில சென்டிமீட்டர் தடிமனில் மாறிமாறி வரும் இடத்தில், எண்ணெய் இருந்தும் மின்தடை எண் தாழ்ந்தே தெரியும். பழைய ஆழத் தூண்டல் கருவி ஒரு மீட்டருக்கு மேற்பட்ட பாறையைச் சேர்த்தே படிக்கிறது. பதிவு 15 சென்டிமீட்டருக்கு ஒன்று என்று இருந்தாலும், கருவி கலந்துவிட்டதை எந்தக் கணிதமும் முழுமையாகப் பிரித்துத் தராது. அந்தச் சிறு அளவுகோல்களில் மிஞ்சுவது பெரும்பாலும் இரைச்சல். கிடை, செங்குத்து மின்தடை எண்களைத் தனித்தனியே அளக்கும் மூவச்சுத் தூண்டல் கருவியே இங்கே உதவும்.

இந்த ஆய்வுகள் சொல்லும் வெற்றி விகிதங்களிலும் எனக்கு ஐயம் உண்டு. அடுத்தடுத்த ஆழப் புள்ளிகள் ஒன்றின் நிழலை ஒன்று சுமப்பவை. அவற்றைக் கலைத்துப் போட்டுப் பாதியில் கணினிக்குப் பயிற்சி, பாதியில் தேர்வு என்றால் விடைத்தாள் முன்பே கசிந்துவிட்டது என்றுதான் பொருள். ஒரு கிணற்றை முழுதாக ஒதுக்கி வைத்துச் சோதிக்க வேண்டும்.

வேவ்லெட்டின் உண்மையான திறன் அடுக்குகளின் எல்லை காண்பதில் இருக்கிறது. மின்தடை எண்ணில் எல்லா அளவுகோல்களிலும் ஒரு படி தெரிகிறது என்று கொள்வோம். காமாவிலும் அடர்த்தியிலும் அதே ஆழத்தில் எதுவும் அசையவில்லை என்றால், அங்கே மாறியது பாறையல்ல, பாய்மம் என்று சந்தேகிக்கலாம். அழுத்தம் அளக்கவும் மாதிரி எடுக்கவும் ஆழத்தைத் தேர்ந்தெடுக்க அது போதும். மீட்டருக்கு அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பதும், கருவிக் கலத்தில் ஏறி வரும் திரவமும்தான் பாய்மத்துக்குச் சாட்சி. வேவ்லெட் ஆற்றலை மட்டும் நம்பி எந்த ஆழத்திலும் உறைக்குழாயைத் துளைக்க நான் ஒப்பமாட்டேன்.