மூன்று புலிகள் ஆடும் ஆட்டின் ஆட்டம்

ஆடுபுலி ஆட்டத்தில் "நான் ஆடு" என்று தானாக முன்வரும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. எல்லாருக்கும் புலிதான் வேணும். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலி தாண்டும், வெட்டும். ஆட்டுக்கு வெட்டுகிற உரிமையே கிடையாது. சுற்றி நின்று புலியை நகரவிடாமல் அடைப்பது ஒன்றுதான் அதன் வேலை. ஆனால் ஆடத் தெரிந்த இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே உட்கார்ந்தால், யோசனைக்கு வேலை வைப்பது ஆட்டுப்பக்கம்தான். எந்த ஆட்டை எந்தப் புள்ளியில் வைத்தால் புலி தாண்ட இடமில்லாமல் போகும், எதைப் பலி கொடுத்தால் எந்த வழி அடைபடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் 'இன்டூ தி பிரீச்' என்ற கணினி விளையாட்டு. ராட்சத ரோபோக்களை முறைவைத்து நகர்த்தும் வியூக ஆட்டம். 2018 பிப்ரவரியில் வந்தது. செய்தவர்கள் சப்செட் கேம்ஸ். ஜஸ்டின் மா, மேத்யூ டேவிஸ் இருவரும் தொடங்கிய சின்ன நிறுவனம், 2012இல் எஃப்டிஎல் என்ற விண்கல விளையாட்டைக் கொடுத்தவர்கள். இந்த விளையாட்டைப் பற்றி நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இது நம் கையில் 3 புலிகளைக் கொடுத்துவிட்டு, ஆடு மாதிரி யோசிக்கச் சொல்கிறது. இதைக் கற்றுக்கொள்வதில் உள்ள கஷ்டமும் சுகமும் அங்கேதான் இருக்கின்றன.

ராட்சத ரோபோ விளையாட்டுகளின் வழக்கம் வேறு. 1984இல் பலகை ஆட்டமாகத் தொடங்கிய பேட்டில்டெக் ஆகட்டும், ஜப்பானில் 1991இல் வந்த சூப்பர் ரோபாட் வார்ஸ், 1995இல் வந்த ஃபிரண்ட் மிஷன் ஆகட்டும், எல்லாமே அடிப்படையில் புலி ஆட்டம். எந்திரம் பெரிசு, ஆயுதம் பெரிசு, எதிரியை நொறுக்கினால் வெற்றி. பேட்டில்டெக்கின் கணினி வடிவமும் 2018இல்தான், ஏப்ரலில் வந்தது. அதில் குறி வைத்தால் இத்தனை சதவீதம் படும் என்று திரை காட்டும். அப்புறம் உள்ளே பகடை உருளும். 90 சதவீதம் என்று காட்டிய குண்டு தவறிப்போனால் வருகிற எரிச்சல் அந்த வகை ஆட்டம் ஆடிய எல்லோருக்கும் தெரியும். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் அது தாயக்கட்டையும் கலந்த ஆட்டம். குறை சொல்லவில்லை, தாயத்துக்கு அதற்குரிய ருசி உண்டு.

இன்டூ தி பிரீச்சில் கட்டையைக் கிட்டத்தட்ட தூக்கியே எறிந்துவிட்டார்கள். பலகை 8க்கு 8, சதுரங்கப் பலகை அளவு. நம்மிடம் 3 மெக், அதாவது ராட்சத ரோபோ. எதிரே 'வெக்' என்ற பெயரில் மண்ணுக்கடியிலிருந்து கிளம்பி வரும் பெரும்பூச்சிகள். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பூச்சிகள் நகரும். நகர்ந்து, யாரை அடிக்கப் போகிறோம், எந்தத் திசையில், எவ்வளவு என்பதைத் திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். அடுத்து எந்தக் கட்டத்தில் புதுப் பூச்சி முளைக்கும் என்பதும் தெரியும். இப்போது நம் முறை. நாம் முடித்த பிறகுதான் அவை அடிக்கும், சொன்ன திசையில், சொன்ன வரிசையில். கடிகாரம் ஓடாது. ஒரு சுற்றுக்கு அரைமணி நேரம் யோசித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பெரும்பாலான போர்கள் 5 சுற்றுக்குள் முடிந்துவிடும்.

காப்பாற்ற வேண்டியது மெக்கை அல்ல, வீடுகளை. பலகையில் இருக்கும் கட்டடங்கள்தான் மெக்குகளுக்கு மின்சாரம் தருகின்றன. கட்டடம் அடிவாங்கினால் மின்சார அளவு குறையும். அதிகபட்சம் 7 இருக்கும் அந்த அளவு பூஜ்யத்துக்கு வந்தால் எல்லாம் முடிந்தது. அடிபட்ட மெக்கோ அடுத்த போருக்குள் முழுசாகச் சரியாகிவிடும். இழந்த மின்சாரத்தை மட்டும் சிரமப்பட்டுத்தான் திரும்பப் பெற முடியும். ஆக, இந்த விளையாட்டின் பொருளாதாரத்தில் ராட்சத எந்திரத்தின் உடம்பு ஒரு வீட்டைவிட மலிவு. பூச்சிக்கும் வீட்டுக்கும் நடுவில் மெக்கைக் கொண்டுபோய் நிறுத்தி அடியை வாங்கச் செய்வது இங்கே நல்ல ஆட்டம்.

ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு பார்த்தால் புரியும். ஃபயர்ஃபிளை என்ற பூச்சி நேர்கோட்டில் துப்பும். அது கிழக்கே பார்த்து நிற்கிறது, எதிரே வீடு. அதற்கு 3 உயிர்ப்புள்ளி. நம் முதல் அணியில் உள்ள குத்துச்சண்டை மெக்கின் முஷ்டி 2 புள்ளிதான் எடுக்கும். கொல்ல முடியாது. ஆனால் அந்தக் குத்து, வாங்கியவரை ஒரு கட்டம் பின்னே தள்ளும். தெற்கிலிருந்து குத்தினால் ஃபயர்ஃபிளை ஒரு கட்டம் வடக்கே போகும். திசை மாறாது, இன்னும் கிழக்கேதான் துப்பும்; ஆனால் இப்போது அது வேறு வரிசையில் நிற்கிறது. அந்த வரிசையில் ஸ்கார்ப்பியன் ஒன்று நின்றால் அடி அதற்கு. ஒரே குத்தில் வீடு தப்பியது, எதிரியே எதிரியை அடித்தான். இன்னொரு மெக்கின் பீரங்கி, விழுந்த இடத்தைச் சுற்றி நாலு பக்கமும் இருப்பவர்களைத் தள்ளிவிடும். வெற்று நிலத்தில் குண்டு போட்டே இரண்டு பூச்சிகளின் குறியைக் கெடுக்கலாம். தண்ணீருக்குள் தள்ளினால், பறக்கத் தெரியாத பூச்சி அங்கேயே முடிந்தது.

இதைக் கற்பதில் சில படிகள் இருக்கின்றன. முதல் படியில் எல்லோரும் கொல்லத்தான் பார்ப்பார்கள். ஆயுதத்தைக் கையில் கொடுத்தால் வேறென்ன தோன்றும்? இரண்டாவது படியில் தள்ளுவது பிடிபடும். மூன்றாவதில், எதிரியின் அடியை நம் ஆயுதமாகவே எண்ணத் தொடங்குவோம். நாலாவது படி கடினம். சில சுற்றுகளில் எல்லாவற்றையும் காப்பாற்ற வழியே இருக்காது. இந்த வீடா, அந்த வீடா, அல்லது மெக்குக்குள் இருக்கும் விமானியின் உயிரா என்று நாமே முடிவு செய்ய வேண்டும். பகடை இல்லாததால் பழி போட ஆளில்லை. அடி வாங்கும் கட்டடம் தாக்குப்பிடிக்கச் சின்ன வாய்ப்பு ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஆட்டத்தில் மிச்சமிருக்கும் கட்டை அது ஒன்றுதான், அதை நம்பி ஆடக்கூடாது.

மென்பொருள் வேலையில் இருப்பதால் எனக்கு இது ரொம்ப நெருக்கமாகப் படுகிறது. பிழை தேடும்போது நாம் விரும்புவது இதைத்தானே: அதே உள்ளீடு கொடுத்தால் அதே விளைவு வரணும், நடுவில் மாயம் இருக்கக் கூடாது. திரையில் தெளிவாகக் காட்ட முடியாத யோசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெட்டிவிட்டோம் என்று இந்த விளையாட்டைச் செய்தவர்களே பேசியிருக்கிறார்கள். அந்தக் கட்டுப்பாடு ஒவ்வொரு அம்பிலும் ஒவ்வொரு எண்ணிலும் தெரிகிறது. அடிக்கும் முன்னால் நகர்வைத் திரும்பப் பெறலாம். போருக்கு ஒருமுறை முழுச் சுற்றையும் அழித்து மறுபடி ஆடலாம். கற்றுக்கொள்பவர் மேல் இவ்வளவு மரியாதை வைத்த விளையாட்டுகள் குறைவு.

நான் இதை அதிகம் ஆடியது ஜவ்வாது மலையில். நடுகல் பார்க்க அந்தப் பக்கம் அடிக்கடி போகிறவன் நான். ஜமுனாமரத்தூரில் அறை எடுத்தால், ராத்திரி ஏழு மணிக்கு மேல் செய்ய ஒன்றும் இருக்காது, சிக்னலும் சரியாக வராது. இணையம் கேட்காமல், பழைய மடிக்கணினியிலும் ஓடுகிற ஆட்டம் அங்கே பெரிய வரம். ஒருநாள் தங்கியிருந்த இடத்தின் பையன், கல்லூரி முதலாண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். ஆங்கில விளக்கம் எதையும் படிக்கவில்லை. பூச்சி முளைக்கப் போகும் கட்டத்தைக் காட்டி இது என்ன என்று மட்டும் கேட்டான். சொன்னேன்.

"அப்போ அது மேலயே போய் நின்னுட்டா வெளிய வர முடியாதுல்ல சார்?"

முடியாது. நிற்கும் மெக்குக்கு ஒரு புள்ளி அடி விழும், பூச்சி வராது. அவன் மூன்று மெக்கில் இரண்டைக் கொண்டுபோய் ஓட்டைகள் மேல் நிறுத்தினான். ஒரு குண்டுகூடச் சுடாமல் அந்தச் சுற்று முடிந்தது. எங்கே கத்துக்கிட்டே என்று கேட்டதற்கு, "ஆடு வைக்கிற மாதிரிதான சார்" என்றான். வீடியோ கேம் பழக்கம் அவனுக்கு அதிகமில்லை. ஆடுபுலி பழக்கம் இருந்தது. பழைய பலகை ஆட்டங்கள் மூளைக்கு நல்லது என்று பொதுவாகச் சொல்கிறோம். அவை குறிப்பிட்ட ஒரு யோசனையைப் பழக்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

நடுகல் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ஜவ்வாது மலை அடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று தனித் தொகுப்பே வெளியிட்டது. இந்தக் கற்களில் பல, தொறுப் பூசலில், அதாவது கால்நடைக்காக நடந்த சண்டையில் பட்டவர்களுக்கு எடுத்தவை. கவர வருவது வெட்சி, மீட்கப் போவது கரந்தை, அரணுக்குள் நின்று காப்பது நொச்சி என்று நம் இலக்கணம் போரை வகை பிரித்தது. ராட்சத ரோபோ விளையாட்டுகளில் பெரும்பாலானவை வெட்சி, வஞ்சிப் பக்கம். இன்டூ தி பிரீச் அசல் நொச்சி. எத்தனை தலை விழுந்தது என்பது அங்கே பொருட்டில்லை, எத்தனை வீடு நிற்கிறது என்பதுதான் கணக்கு.

அதனால்தான் இதன் பெரிய குறையும் என் கண்ணில் படுகிறது. மின்சாரம் பூஜ்யமாகித் தோற்றால், உயிரோடு இருக்கும் விமானிகளில் ஒருவரை மட்டும் வேறொரு காலக்கோட்டுக்கு அனுப்பி, அங்கே முதலிலிருந்து ஆடலாம். அவர் பெற்ற அனுபவம் அவரோடு போகும். வடிவமைப்பாகப் பார்த்தால் புத்திசாலித்தனம்: தோல்வி கற்றலாக மாறுகிறது, மறுபடி ஆட ஒரு கதைக்காரணமும் கிடைக்கிறது. ஆனால் விட்டுவந்த உலகத்தில் இருந்தவர்கள்? ஒரு நிமிடம் முன்புவரை ஒவ்வொரு வீட்டுக்காகவும் அரைமணி நேரம் யோசிக்க வைத்த விளையாட்டு, அவர்களைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசுவதில்லை. விமானிகளுக்குப் பெயரும் முகமும் உண்டு. வீட்டுக்குள் இருப்பவர்கள் ஓரிரு வரி கத்துவார்கள், மற்றபடி ஒரு எண். ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆடியபின் அந்த வரிகளையும் நான் படிப்பதில்லை. 2022 ஜூலையில் வந்த விரிவாக்கப் பதிப்பு புது அணிகளையும் ஆயுதங்களையும் புதுப் பூச்சிகளையும் இலவசமாகச் சேர்த்தது. இந்த இடத்தை மட்டும் அது தொடவில்லை.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கால்நடையைக் காக்கப் போய்ப் பட்ட கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1400 வருஷம் ஆகிறது. தோற்ற காலக்கோடுகளின் பட்டியல் ஒன்று, ஒவ்வொன்றிலும் கடைசியாக நின்ற வீட்டின் பெயர், அதன் முன்னால் நின்று விழுந்த மெக்கின் பெயர், இவ்வளவு போதும். நிரல் எழுத அதிகபட்சம் ஒருநாள் வேலை. காப்பதைப் பற்றி இவ்வளவு கறாராக யோசித்த விளையாட்டிடம் இதை எதிர்பார்ப்பது அதிகமில்லை என்றே நினைக்கிறேன்.