ஆங்கில உச்சரிப்புக் கற்பித்தலும் தமிழ் மாணவரும்: அளவுகோல் குறித்து ஒரு திறனாய்வு

நம் நாட்டில் ஆங்கில உச்சரிப்பைக் கற்பிக்க எழுந்த நூல்களுட் பல, டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதி விவரித்த தென்னிங்கிலாந்துக் கற்றோர் வழக்கையே அளவுகோலாகக் கொண்டவை. அவ்வழக்கிலிருந்து மாணவர் விலகும் இடமெல்லாம் அவற்றில் பிழையெனவே கொள்ளப்படும். எவ்விலகல் கேட்போரின் புரிதலைக் கெடுக்கிறது, எது கெடுப்பதில்லை என்னும் வினா பின்தள்ளப்படுகிறது.

பல்லிடை உரசொலியை எடுத்துக்கொள்வோம். நாநுனியைப் பற்களிடையே நீட்டி ஊதும் பயிற்சிக்கு வகுப்பில் மிகுந்த நேரம் செலவாகிறது. ‘மெல்லிய’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் ‘தகரம்’ எனப் பொருள்படும் சொல்லும் முதலொலியால் மட்டுமே வேறுபடுவன. தமிழ் மாணவர் முன்னதைத் ‘தின்’ என்றும் பின்னதை ‘டின்’ என்றும் ஒலிப்பர். ஒலியின் தன்மை வேறாயினும் ஒலியன் வேறுபாடு காக்கப்படுகிறது. தகர டகர வேறுபாட்டைத் தாய்மொழியிலேயே பெற்றவருக்கு இப்பயிற்சி பெரிதும் தோற்றப் பொலிவே. நேர்முகத் தேர்வில் இதன்பொருட்டு மதிப்பெண் குறைப்பது நியாயமன்று.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. வளர்ப்புப் பிராணி, பந்தயம், படுக்கை என்னும் பொருள்களையுடைய மூன்று ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தில் ‘பெட்’ என்ற ஒரே வடிவம் பெறுகின்றன. தமிழில் வல்லினத்தின் ஒலிப்புத்தன்மை அது நிற்கும் இடத்தால் அறியப்படும்: சொன்முதலிலும் இரட்டித்த வழியும் ஒலிப்பின்மை, மெல்லினத்தின் பின் ஒலிப்பு, உயிரிடையில் நெகிழ்வு. ஆங்கிலத்திலோ அது பொருள் வேறுபடுத்துவது. சொன்முதற் பகரத்தை ஆங்கிலேயர் மூச்சொலியுடன் வெளியிடுவர். தமிழர் மூச்சொலியின்றி வெளியிடுவர். ஆகவே தமிழ் மாணவர் சரியாகவே ஒலிப்பின்றிச் சொன்னாலும், ஆங்கிலேயர் செவிக்கு வளர்ப்புப் பிராணி பந்தயமாகக் கேட்கக்கூடும். சொல்லிறுதியிலும் இத்தகைய நிலையே. ஒலிப்புடை மெய்யின் முன் ஆங்கில உயிர் சற்றே நீளும். தமிழர் குற்றுயிரின்பின் மெய்யை இரட்டித்துக் குற்றியலுகரத்தால் முடிப்பர், உயிர் குறுகியே நிற்கும், படுக்கையும் பந்தயமாகிவிடும். இவ்விரு நுட்பங்களும் வகுப்பில் உரிய அளவு கவனிக்கப்படுவதில்லை.

ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட நூல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் தமக்குள் பேசும்போது புரிதலுக்கு இன்றியமையாதன எவை என ஆராய்ந்து ஒரு மையத் தொகுதியை வகுத்தது. பல்லிடை உரசொலி அதில் இடம்பெறவில்லை. மூச்சொலியும் உயிரின் நீட்சியும் இடம்பெறுகின்றன. எழுத்தில் உள்ள ரகரத்தை எங்கும் ஒலிப்பதையே அவர் பரிந்துரைக்கிறார். (நம் மாணவர் இயல்பாக ஒலிக்கும் அந்த ரகரத்தை மறக்கச் செய்யும் பயிற்சி நம் நூல்களில் உள்ளது!) தமிழ் மாணவர் நிலைக்கு இவை பெரிதும் பொருந்துகின்றன.

எனினும் சொல்லழுத்தத்தை அவர் விலக்கியது ஏற்புடையதன்று. ஐதராபாத்தில் பணியாற்றிய ஆர். கே. பன்சால் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் பேசும் ஆங்கிலம் கேட்போருக்குப் புரியாமற் போவதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக அழுத்தம் இடம் மாறுவதைக் கண்டது. நிழற்படம், படமெடுப்பவர், படம் சார்ந்த என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களிலும் அடி ஒன்றே. அழுத்தமோ முறையே முதல், இரண்டாம், மூன்றாம் அசைகளில் விழும். தமிழர் மூன்றிலும் முதலசைக்கே எடுப்புத் தருவது இயல்பு. பன்சாலின் கேட்போருள் ஆங்கிலத் தாய்மொழியினர் இருந்தனர், ஜென்கின்ஸ் ஆராய்ந்தோர் பிறமொழியினர் என்பது முடிவுகளின் வேறுபாட்டை ஓரளவு விளக்கும். ஆனால் ஜென்கின்ஸ் வாக்கியத்தின் தலைமை அழுத்தத்தைக் கட்டாயமாக்குகிறார். அது விழுவது ஒரு சொல்லின் அழுத்தம் பெறும் அசையிலேயே. சொல்லுக்குள் அவ்வசை எதுவென்று அறியாதவர் வாக்கியத்தில் அதை எங்ஙனம் உயர்த்துவார்? இம்முரண்பாட்டுக்கு நூலில் நிறைவான விடை இல்லை.

தமிழெழுத்தில் உச்சரிப்புத் தரும் இருமொழி அகராதிகளும் இங்கே கருதத்தக்கன. கிரந்த எழுத்துகள் ஜகரம், ஸகரம், ஹகரம் முதலியவற்றுக்கு உதவுகின்றன. ஒலிப்புடை வல்லினத்துக்கு உதவுவதில்லை. அழுத்தத்துக்கோ பொதுவழக்கில் குறியே இல்லை. பன்னாட்டு ஒலிக்குறியீட்டைப் பொதுவாசகர் அஞ்சுவர் என்று கருதும் தொகுப்பாளர்கள்கூட, அழுத்தம் பெறும் அசையைத் தடித்த எழுத்தில் அச்சிடுவதற்குத் தடையேதும் இல்லை.