நவுருவும் ஒரு சொல்லும்

சர்வதேசச் சட்டம் ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்து, பிறகு கப்பலேறி மற்ற நாடுகளுக்குப் போயிற்று என்பதுதான் பாடப்புத்தகக் கதை. இலங்கையரான ஆண்டனி ஆங்கி 2005இல் வெளியிட்ட நூல் இதைத் தலைகீழாக்குகிறது. 16ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பழங்குடிகளை ஸ்பானியர் எதிர்கொண்டபோது, யாருக்கு இறையாண்மை கிடையாது என்று சொல்ல வேண்டி வந்ததிலிருந்தே அந்தக் கருத்து உருவாயிற்று என்கிறார். அந்த அத்தியாயத்தைப் பலரும் புகழ்ந்தாயிற்று. எனக்கு முக்கியமாகப் படுவது, அதற்கு முன் 1993இல் நவுரு பற்றி அவர் எழுதிய கட்டுரை.

நவுரு பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் தீவு. மண்ணில் பாஸ்பேட், அதாவது உரம். முதல் உலகப் போரில் ஜெர்மனியிடமிருந்து பறிபோன இத்தகைய நிலங்களின் மக்களுடைய நலனை, சர்வதேச சங்கத்தின் சாசனம் 22ஆம் ஷரத்தில், 'நாகரிகத்தின் புனிதமான ட்ரஸ்ட்' என்று வர்ணித்தது. கவிதையில் இப்படியொரு பெயரடை வந்தால் சந்தேகப்படுவோம். சட்டத்தில் வந்தால் கையெழுத்துப் போடுகிறோம்.

ஆங்கிலத்தில் ட்ரஸ்ட் என்றால் நம்பிக்கை. பிறர் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் அதுவே. ட்ரஸ்ட் பெயரில் கணக்குத் தொடங்க வருகிறவரிடம் வங்கியில் நாங்கள் முதலில் பத்திரம் கேட்போம். பார்த்துக்கொள்கிறவரே தான் வைத்த விலைக்குச் சொத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது என்பது சின்ன வக்கீலுக்கும் தெரியும். நவுருவில் நடந்தது அதுதான். சாசனம் கையெழுத்தாகி நான்காம் நாள், 1919 ஜூலை 2 அன்று, பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் ஆளுக்கு 42 சதவீதம், நியூஸிலாந்து 16 சதவீதம் என்று பாஸ்பேட்டைப் பங்கிட்டுக்கொண்டன. உலக விலைக்கு வெகு கீழே, அடக்க விலையை ஒட்டி எடுத்துத் தங்கள் வயல்களுக்குப் போட்டன. 1968இல் விடுதலை வந்தபோது தீவில் சுமார் மூன்றிலொரு பங்கு வெறும் பாறைக் கூர்கள்.

கிறிஸ்டஃபர் வீரமந்திரி தலைமையில் விசாரணைக் குழு அமைத்த பிறகு, 1989இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நவுரு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று. கையிலிருந்த முக்கிய ஆயுதம் அதே ட்ரஸ்ட். இதை முரண்நகை என்று ரசித்துவிட்டு நகர முடியவில்லை. அந்தச் சொல் பொய்யென்றால் வழக்கில் பாதி போய்விடுகிறது. மெய்யென்றால், காலனியம் ஒரு நல்ல பத்திரத்தைச் சரிவர நிறைவேற்றாத குற்றமாகச் சுருங்கிவிடுகிறது. சட்டமே ஏகாதிபத்தியம், விட்டெறி என்று முடித்துக்கொள்ளும் நண்பர்கள் இந்த இக்கட்டைத் தொடுவதேயில்லை. (ஆங்கி அப்படிச் சொல்லவில்லை, அவரை மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் சொல்கிறார்கள்.) விட்டெறிந்தால் நவுரு எதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது?

1992இல் நீதிமன்றம் வழக்கை விசாரிக்கலாம் என்றது. 1993இல் ஆஸ்திரேலியா 107 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் தர இசைந்தது. தனக்குப் பொறுப்பில்லை என்ற தன் நிலைக்கு இதனால் பாதகமில்லை என்று உடன்படிக்கையிலேயே எழுதியும் வைத்தது. வழக்கு வாபஸாயிற்று. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நீதிபதிகள் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.