4096 என்னும் சர்வரோக நிவாரணி

லினக்ஸ் சர்வரில் பாக்கெட் டிராப் எண்ணிக்கை ஏறுகிறதா? நெட்வொர்க் கார்டு வரும் பாக்கெட்டுகளை வைக்கும் ரிங் பஃபரை 4096 இடத்துக்கு ஏற்று. இந்தக் கைவைத்தியம் இப்போது பல அணிகளில் சடங்காகிவிட்டது. புது சர்வர் வந்த முதல் நாளே செய்துவிடுகிறவர்களும் உண்டு. "மெமரி மலிவு, இதனால் கெடுதல் என்ன?" என்று அதற்கு வக்காலத்தும் வாங்குகிறார்கள்.

பலன் இல்லாமல் இல்லை. திடீரென்று பாக்கெட்டுகள் மொத்தமாக வந்து விழும்போது, சிபியு அள்ளுவதற்குள் ரிங்கின் 256 இடமும் நிரம்பி வழிகிற கார்டுக்கு இது நல்ல மருந்துதான்.

என் பழைய மனத்தாங்கல் வேறு. பாக்கெட் எங்கே விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. கார்டின் வாசலிலேயே விழுந்திருந்தால் கார்டின் சொந்தக் கணக்கில் இருக்கும், எத்டூல் காட்டிவிடும். உள்ளே வந்தபின் சிபியுவின் வரிசை நிரம்பி விழுந்திருந்தால் சாஃப்ட்நெட்_ஸ்டாட் கோப்பின் இரண்டாம் பத்தியில் பதிவாகும். அந்த வரிசையின் வழக்கமான நீளம் 1000. அப்ளிகேஷன் அசமந்தமாக வாசித்து சாக்கெட் நிரம்பினால் யுடிபி கணக்கில் ஏறும். இவற்றில் முதலாவதற்குத்தான் ரிங் பதில் சொல்லும். மற்றவற்றுக்கும் அதையே ஏற்றுவது, பந்தியில் இலை இல்லையென்று மண்டப வாசலை அகலமாக்குகிற வேலை. கெர்னல் 5.17இலிருந்து எறிந்த காரணத்தையே சொல்லத் தொடங்கிவிட்டது. கேட்கத்தான் ஆளில்லை.

நான்காவது வகை இன்னும் வேடிக்கை. 2.6.37 முதல், தனக்குப் புரியாத நெறிமுறையில் வரும் ஃபிரேமையும் கெர்னல் தொடக்கத்தில் சொன்ன அதே டிராப் எண்ணிக்கையில் சேர்க்கிறது. ஸ்விட்ச் 2 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் ஸ்பானிங் ட்ரீ அறிவிப்பு சாதாரண சர்வருக்கு விலாசம் தப்பிய கடிதம். எறிந்துவிடும். நிமிடத்துக்கு 30 டிராப். யாருக்கும் ஒரு பைசா நட்டமில்லை.

முன்பு நான் இருந்த ஓரிடத்தில் இந்த 30க்காக நள்ளிரவில் ரிங்கை ஏற்றினார்கள். அளவை மாற்ற, பல டிரைவர்களைப் போல அந்த டிரைவரும் இணைப்பை ஒரு கணம் இறக்கி ஏற்றியது. அன்றிரவு உண்மையிலேயே தொலைந்த பாக்கெட்டுகள் அந்தக் கணத்தில் போனவைதாம். எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே இருந்தது. சந்தேகப்பட்டு ஒருவர் டிசிபிடம்ப் ஓட்டினார், உடனே நின்றுவிட்டது. எல்லா ஃபிரேமையும் வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வந்துவிட்டதால் கெர்னலுக்கு எறிய எதுவுமில்லை. 4096 வேலை செய்துவிட்டது என்று எழுதி டிக்கெட்டை மூடினார்கள்.