போலி மாறி

எம்.ஏ. பொருளாதாரத்தில் எக்கனாமெட்ரிக்ஸ் படிக்கிற நம்ம பிள்ளைகள் சாதியைச் சந்திக்கிற இடம் 'டம்மி வேரியபிள்' பாடம். தமிழில் போலி மாறி. கூலியை அளக்கலாம், நிலத்தை அளக்கலாம், சாதியை அப்படி அளக்க முடியாது. அதனால் தலித் என்றால் 1, மற்றவர் என்றால் 0. குஜராத்தியின் பாடநூலைக் கரைத்துக் குடித்தவர்களும் அந்த 0 யார் என்று கேட்பதில்லை. அவர்தான் ஒப்பீட்டின் அடிப்படை. அவருக்குச் சமன்பாட்டில் பெயர் கிடையாது. மாறிலிக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ஊர் தன்னை ஊர் என்று மட்டும் சொல்லிக்கொள்ளும், சேரிதான் அடையாளம் சொல்லணும். கரும்பலகையிலும் அதே தெருதான்.

யாரை 0 ஆக வைத்தாலும் இடைவெளியின் அளவு மாறாது, குறிதான் மாறும் என்பார்கள். நெசந்தான். ஆனா யாரைச் சாதாரண மனுசனா வச்சு யாரைக் கேள்விக்குரியவனா ஆக்குறோம் என்பதைக் கணிதமா முடிவு பண்ணுச்சு?

அடுத்தது, 'மற்றவை மாறாதிருக்கும் நிலையில்' என்கிற மந்திரம். 1973இல் ரொனால்ட் ஓஹாக்காவும் ஆலன் பிளைண்டரும் தனித்தனியே எழுதிய முறை, கூலி இடைவெளியை இரண்டாகப் பிரிக்கிறது. படிப்பு, அனுபவம் போன்ற வித்தியாசங்களால் வருவது விளக்கப்பட்ட பகுதி. மிச்சம் விளக்கப்படாத பகுதி. அதையே பாகுபாடு என்று வாசிக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு இடைவெளி 100 ரூபாய் என்று வையுங்கள். படிப்புக் குறைவுக்கு 70 போக, பாகுபாடு 30 என்று விடை வரும். அந்த 70 எப்படி வந்தது? பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் தனியா உட்கார வச்சது எது? அப்பன் பட்ட கடனுக்கு மகனைப் பண்ணைக்கு அனுப்ப வச்சது எது? ஒரே படிப்புள்ள இருவருக்கு ஏன் வேறு வேறு கூலி என்று கேட்டால் 30 சரியான விடைதான். சாதி பறித்தது மொத்தமும் அவ்வளவே என்று எழுதும்போது, வகுப்பறையில் பறித்த 70 கணக்கிலிருந்தே காணாமல் போகிறது.

இதுக்காகக் கணக்கே வேண்டாம் என்று எழுந்து வந்துவிட முடியுமா? 'கணக்கு உங்களுக்கு வராது' என்று சொல்லித்தானே காலங்காலமாக வெளியே நிறுத்தினார்கள். ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் லண்டனில் டி.எஸ்சி. வாங்கினார் அம்பேத்கர்.

2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் துறை வேலை விளம்பரங்கள் 548க்கு 4,808 விண்ணப்பங்கள் போனது. ஒரே படிப்பு, ஒரே அனுபவம். பெயர் மட்டும் வேறு. அழைப்பு வருவதற்கும் வராமல் போவதற்குமான விகிதம், உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்றால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இங்கே படிப்புக் குறைவு என்று யாரும் சாக்குச் சொல்ல வழியில்லை. நம்மவர் வாய்மொழியாகச் சொன்னபோது 'மனக்குறை' என்று தள்ளியவர்கள், இதைப் புள்ளிவிவரம் என்று கேட்டார்கள்.

ஆகவே நம்ம பிள்ளைகள் அணியையும் வகைநுண்கணிதத்தையும் விடாமல் படிக்கணும். ஆய்வேடு எழுதும்போது 0 யார் என்று பெயர் சொல்லி எழுதணும். எந்த மாறியை 'மாறாதிருக்க' வைத்தோம், அதை உண்டாக்கியது எது என்று பக்கத்திலேயே எழுதணும். வழிகாட்டி அடித்தால் மறுபடியும் எழுதணும்.