டிரங்குப் பெட்டியில் பூர்வீகம்

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளான லயங்களில் வம்சம் தேடுவோருக்குப் பழைய டிரங்குப் பெட்டியே புதையல்.

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததற்கு ஆதாரம் கேட்டது: மணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவருக்கு 10. கூலி வேலை பார்த்த மக்களிடம் காகிதம் கேட்ட கொடுமை அது. ஆனாலும் அன்று பத்திரப்படுத்திய பிறப்புச் சான்றும் விண்ணப்ப நகலும்தான் இன்று பாட்டன் பெயரையும் தோட்டத்தையும் காட்டுகின்றன.

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. எனவே தேடல், திரும்பியவர்கள் குடியேறிய நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்வரை நீள்கிறது.

காகிதம் இல்லையா? அப்பாயியிடம் குலதெய்வத்தைக் கேட்கலாம். அந்தக் கோயில் எந்த ஊரில் உள்ளதோ, பெரும்பாலும் அதுவே கப்பலேறி வந்த முன்னோரின் ஊர். பதிவேட்டில் எழுத்தர் பெயரைச் சிதைத்திருக்கலாம். சாமி பெயரை அப்பாயி சிதைக்கமாட்டார்.