வீட்டு வாசலில் டிக்கெட் கிழிப்பவர்

உங்கள் வீட்டில் ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இருந்தால், இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். 'அப்பா, சூப்பர் டீலக்ஸ் பார்க்கலாமா? கிளாஸ்ல எல்லாரும் பார்த்துட்டாங்க!' படம் 'ஏ'. பையனுக்கு வயது 16.

தியேட்டர் என்றால் பிரச்னையே இல்லை. 18 ஆகாதவர்களை உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். அப்பா கூடவே போனாலும் செல்லாது. 2025-ல் ரஜினியின் 'கூலி'க்கு 'ஏ' கொடுத்தபோது, 'யு/ஏ' கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள் தயாரிப்பாளர்கள். மனு தள்ளுபடி! ஆனால், படம் வீட்டு டி.வி-யில் ஓடும்போது, வாசலில் டிக்கெட் கிழிப்பவர் நீங்கள்தான்.

அந்த ஒற்றை எழுத்து அப்போது எவ்வளவு உதவும்? 2023-ல் வந்த 'ஜெயிலர்' படத்துக்கு 'யு/ஏ'. அதில் தலை துண்டாகிறது, தியேட்டர் கைதட்டுகிறது. பாப்கார்ன் சகிதம் சின்னப் பிள்ளைகளோடு பார்த்தோம். நானும் கைதட்டினேன். எத்தனை வெட்டு, எத்தனை கெட்ட வார்த்தை என்று கணக்கு எடுத்துவிடலாம். ரத்தத்தைக் காட்டி, நம்மை என்ன உணரச் சொல்கிறது படம்? அது எந்தக் கணக்கிலும் வராது.

2019-ல் வந்த தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' கதையில், பள்ளிக்கூடத்தைக் கட் அடித்துவிட்டு 'அந்த மாதிரி' படம் பார்க்கிறார்கள் பையன்கள். திரையில் வருவது, அவர்களில் ஒருவனின் அம்மா. ஆத்திரத்தில் அவளைக் கொல்லவே ஓடுகிறான் மகன். திருட்டுத்தனமாகப் பார்க்கப் போனவன் அவன். அவன் கண்ணுக்குக் குற்றவாளியாகத் தெரிவது அவள்! 16 வயதுப் பையன் யோசிக்க வேண்டிய இடம் இதைவிட வேறென்ன இருக்கிறது?

இன்னொரு கதையில், வருஷக்கணக்கில் காணாமல்போன அப்பா, புடவை கட்டிய ஷில்பாவாகத் திரும்பி வருகிறார். குடும்பமே விக்கித்து நிற்க, சின்னப் பையன் ராசுக்குட்டி மட்டும் சட்டென்று ஒட்டிக்கொள்கிறான். வேடிக்கை என்னவென்றால், ராசுக்குட்டியாக நடித்த சிறுவனுக்கே இந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்க அனுமதி இல்லை.

அதற்காக 'ஏ' கொடுத்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் ஷில்பாவுக்கு நடக்கும் கொடுமையை என்னாலேயே முழுசாகப் பார்க்க முடியவில்லை. ஷில்பாவைச் சித்திரித்த விதத்தைத் திருநங்கைகள் சிலரே கண்டித்தார்கள்; அதிலும் நியாயம் இருக்கிறது. 2024 முதல் 'யு/ஏ'வை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனாலும் இந்தப் படம் இன்றைக்கு வந்தால், 16+ கொடுத்திருப்பார்களா? சந்தேகம்தான்!

நான் செய்தது இதுதான். முதலில் தனியாக இன்னொரு முறை பார்த்தேன். ஸ்டேஷன் காட்சியைப் பற்றி முன்கூட்டியே அவனிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்ந்து உட்கார்ந்தோம். சங்கடமான இடங்களில் இரண்டு பேருமே ஃபேனைப் பார்த்தோம். பரவாயில்லை. சில படங்களுக்கு வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன், 'யு/ஏ' படங்களுக்குக்கூட.

படம் முடிந்ததும் ஒன்றுமே பேசாமல் எழுந்து போய்விட்டான். தப்பு பண்ணிவிட்டோமோ என்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சாப்பிடும்போது கேட்டான்: 'அந்தப் பையன் இனிமே அவங்க அம்மாவை எப்படிப்பா பார்ப்பான்?'

என்னிடம் பதில் இல்லை. 'நீ என்ன நினைக்கிறே?' என்றேன். அரை மணி நேரம் பேசினான்.